முக்கால் சேலை

சிம்பிளாக வர வேண்டுமாம். நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குக் காதில் விழுந்த அந்த வார்த்தை, சோறு தின்று, படுத்து, எழுந்து, பல் விளக்கி, இதோ இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டு நிற்கிற இந்த எட்டு மணி வரைக்கும் சாந்தாமணிக்குத் தொண்டையை விட்டு இறங்கவில்லை. ஃபோனில் சொன்னவள் ஜெசிந்தா. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மாதம் ஒரு தரம் வந்து வளர்ப்புப் பிள்ளை சங்கவியின் நோட்டுகளையும் அரிசி டின்னையும் குளியலறைத் தாழ்ப்பாளையும் பார்த்து எழுதிக்கொண்டு போகிற பெண். நல்ல பெண்தான், கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். "அக்கா, நாளைக்குப் பத்தரைக்குக் கமிட்டி. பாப்பாவ இன்னொரு வருசம் உங்ககிட்டயே விடறதா, திரும்ப இல்லத்துக்கே கூட்டிட்டுப் போறதான்னு நாளைக்கு முடிவாயிரும். தப்பா எடுத்துக்காதீங்க, நாளைக்கு மட்டும் கொஞ்சம் சிம்பிளா வாங்க." சிம்பிளா என்றால் என்ன கண்ணு என்று கேட்டதற்கு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "அதாங்க்கா, சேலை" என்றாள். சேலை. வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள், வந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்த்தார்கள், போகிறது, ரெண்டாம் வாய்ப்பாடு தெரியாமல் வந்தது இன்றைக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைக் குளித்துக்கொண்டே சொல்கிறது, அதோ கேட்கிறது, பன்னிரண்டு நாலு நாற்பத்தெட்டு, சொம்புத் தண்ணீர், பன்னிரண்டு அஞ்சு அறுபது, இன்னொரு சொம்பு. எல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியில் சேலையில் வந்து நிற்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியின் அடியில் விரலை நனைத்துத் தொட்டாள், சுர்ரென்றது.

கை பாட்டுக்குக் கடுகு நிறச் சேலையை எடுத்து மேஜையில் விரித்துவிட்டது. அரக்குக் கரை, கைத்தறி, ராத்திரி கஞ்சி போட்டுக் காயவைத்தது. கமிட்டிக்கு இதைத்தான் கட்ட வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்னாலேயே முடிவு செய்திருந்தாள். நல்ல காரியத்துக்குப் போகிறவள் நல்லதாகக் கட்டிக்கொண்டு போவாள், இதிலே யாருக்கு என்ன வந்தது? கமிட்டி என்றால் ஒரு நீள மேஜை, அதற்குப் பின்னால் ஐந்து பேர், மேலே சத்தம் போடுகிற ஒரு காற்றாடி. வருஷப் பாதியில் விசாரிக்கக் கூப்பிட்ட போன தடவையும் இவள் இதே சேலையில்தான் போனாள். நடுவில் உட்கார்ந்திருந்த மூக்குக்கண்ணாடி அம்மாள் இவளைப் பார்க்கவே இல்லை, இவள் செருப்பிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறினாள். செருப்பு, சேலைக் கரை, கொசுவம், ரவிக்கைக் கை, காதில் கிடந்த கவரிங் தொங்கட்டான். முகத்துக்கு வந்து சேருகிறதற்குள் அவள் முடிவு செய்து முடித்தாயிற்று. "இவங்கதான் வளர்ப்புத் தாயாரா?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டாள், இவள் முன்னால் நிற்கும்போதே, இவளிடம் கேட்காமல். அன்றைக்கு ஃபைலில் ஒரு வரி ஏறியது. ஜெசிந்தா நேற்று அதைத் தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினாள்: பராமரிப்பாளரின் தோற்றத்தில் ஆடம்பரம் காணப்படுகிறது. ஆடம்பரம்! பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நின்று நின்று கணுக்கால் வீங்கிப் போனவளுக்கு ஆடம்பரம். போதாததற்கு ஒரு மொட்டைக் கடுதாசியும் போயிருக்கிறதாம், பிள்ளைக்கு வருகிற உதவித்தொகை அந்தம்மாளுக்குச் சேலையாக மாறுகிறது என்று. எழுதின கை இந்தத் தெருவில் எவளுடையது என்று இவளுக்குத் தெரியும். அந்தக் கைக்கு இவள்தான் ரவிக்கை அளவு எடுத்துக் கொடுத்தாள், அக்குளில் இழுக்காமல் இருக்க ஒட்டுத் துணி வைக்கவும் சொல்லிக் கொடுத்தாள். அந்தக் கை நன்றாக இருக்கட்டும். நன்றாக இருந்து, போடுகிற ஒவ்வொரு ரவிக்கையும் அக்குளில் இழுக்கட்டும்.

செக்கிங்கில் ஒரு முறை உண்டு. பீஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, கை, கீழ்மடிப்பு என்று கண்ணை ஓட்ட வேண்டும். தையல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குறை எங்கேயோ அங்கேதான் ஒட்டலாம், குறை இல்லாத பீஸில் ஒட்டினால் சூப்பர்வைசர் கத்துவான். இவர்கள் என்னவென்றால் குறை ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் பீஸ் அழகாக இருக்கிறது என்று அதன் மேலேயே அம்பு ஒட்டுகிறார்கள். இதைச் சொன்னால் மேஜைக்குப் பின்னால் யாருக்குப் புரியும்? இந்தக் கடுகுச் சேலையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா? செவ்வாய்க்கிழமை சந்தையில் ஒதுக்குக் குவியலில் கிடந்தது இது. நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு குறுக்கே ஓடுகிற ஊடை நூல் விட்டுப்போய் நெடுக்கே ஓடுகிற பாவு நூல் மட்டும் தொங்கியது, அதனால்தான் கடைக்காரன் அந்த விலைக்குத் தள்ளினான். இவள் குந்தி உட்கார்ந்து கெஜம் கெஜமாக அளந்து பார்த்தாள், ஓட்டை மூன்றாம் கொசுவத்துக்குள் போய்விடும் என்று கண்ணிலேயே கணக்குப் போட்டாள், வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ரவிக்கைத் துண்டோடு சேர்த்து உள்சுற்றிலிருந்தும் ஒரு மீட்டரைக் கத்தரித்துச் சங்கவிக்குக் கவுன் தைத்தாள். வெட்டின இடத்தில் பழைய மெத்தை உறைத் துணியை ஒட்டுப் போட்டாள், அது இடுப்பைச் சுற்றி உள்ளே போய்விடுகிறது, எவர் கண்ணிலும் படாது. ஆக, அந்த மூக்குக்கண்ணாடி அம்மாள் ஆடம்பரம் என்று எழுதியது முக்கால் சேலையைப் பார்த்து. கால் பங்கு மெத்தை உறை, ஒரு சாண் ஓட்டை. ரவிக்கை ஏற்றுமதிக்குப் போகாத சட்டைத் துணி, பொத்தான்கள் ஐந்தும் ஐந்து பீஸிலிருந்து. அவிழ்த்துக் காட்டட்டுமா அம்மா மேஜை மேலே? எழுதிக்கொள்கிறீர்களா, பராமரிப்பாளரின் இடுப்பில் மெத்தை உறை காணப்படுகிறது என்று? நினைத்தவுடன் சிரிப்பு வந்தது, சிரிப்புக்கு அடியிலேயே அழுகையும் வந்தது, இரண்டையும் சேர்த்து முந்தானையில் துடைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கரையின் மேல் அழுத்தி இழுத்தாள்.

அவள் என்றைக்கு அழுக்காக இருந்தாள்? கம்பெனிக்கே மடிப்புக் கலையாமல்தான் போவாள். தாலி இறங்கின பதினாறாம் நாள் நாத்தனார் ஒரு வெளிர்ச் சேலையை நீட்டியபோது, "எங்கூட்டுக்காரருக்கு இந்தக் கலரு ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். உண்மையிலேயே ஆகாது அந்த மனுஷனுக்கு, கூட்டத்தில் தேடினால் உடனே கண்ணில் படுகிற மாதிரி உடுத்து என்பார். அதற்கும் பேச்சு வந்தது. புருஷன் இல்லாதவளுக்கு யாருக்காக இந்தக் கரை என்றார்கள். இப்போது பிள்ளை வந்தபிறகு, பிள்ளை வளர்க்கிறவளுக்கு எதற்கு இந்தக் கரை என்கிறார்கள். இந்த ஊரில் கரை போட்ட சேலைக்குத் தகுதியாவதற்கு ஒரு பொம்பளை என்னதான் செய்து தொலைக்க வேண்டும்? அடுத்தவள் பெற்ற பிள்ளையை வளர்த்தால் முகம் காய்ந்து, தலை பறந்து, பார்க்கிறவன் உச்சுக்கொட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் போல. அப்போதுதான் தியாகம் கண்ணுக்குத் தெரியும். இவளுக்குத் தியாகமும் இல்லை, மண்ணும் இல்லை. இவளுக்குச் சங்கவியைப் பிடித்திருந்தது. கூட்டி வந்த அன்றைக்கு அது வாசல்படியில் நின்றுகொண்டு இவள் சேலைக் கரையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, "இது உங்களுக்கு மட்டுமா?" என்று கேட்டது. இல்லத்தில் துணி எல்லாம் பொது. ஒரே துணிச் சுருளில் நாற்பது பேருக்கு நீலக்கட்டக் கவுன் வெட்டித் தைப்பார்கள், மிச்சத்தில் ஜன்னலுக்குத் திரை. துவைத்து ஒரே குவியலாகப் போடுவார்கள், எது கைக்கு வருகிறதோ அது அன்றைக்கு உன்னுடையது. பெற்றவள் இருக்கிறாள், மனசு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில். அதனால் பிள்ளை இவளை அம்மா என்று கூப்பிடாமல் இருப்பது நல்லது என்று சொல்லிவிட்டார்கள், சரி என்றாள், மணிம்மா ஆனாள். முதல் வாரமே சிவப்புப் பூப்போட்ட துண்டுத்துணியில் ஒரு சட்டை தைத்துக் கழுத்துப் பட்டிக்குள் சங்கவி என்று நூலால் எழுதிக் கொடுத்தாள். பிள்ளை ராத்திரி அதைப் போட்டுக்கொண்டே தூங்கியது, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி, பெயர் கன்னத்தில் அழுந்த.

அப்புறம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏதோ மழை பெய்த கதையைச் சொல்கிற மாதிரி அது சொன்ன விஷயம் ஒன்று உண்டு. பிறந்தநாள், கல்யாண நாள் என்று கேக்கும் பிரியாணியும் கொண்டு வருகிறவர்களுக்கு இல்லத்துப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'குடுக்கறவங்க'. அவர்கள் வருகிற அன்றைக்குக் காலையில் வார்டன் கத்துவாளாம், நல்ல துணியெல்லாம் கழட்டி உள்ளே வையுங்கள், கிழிந்ததைப் போடுங்கள் என்று. தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. போட்டோ எடுக்கும்போது பல்லைக் காட்டக் கூடாது. "பல்லக் காட்டினா அடுத்த வருசம் வர மாட்டாங்களாம் மணிம்மா" என்று சொல்லிவிட்டு அது பாட்டுக்கு அப்பளத்தை நொறுக்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சாந்தாமணி பிள்ளையை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனாள். கடுகுச் சேலையில் அவள், கடுகுக் கவுனில் அது, இரண்டு பேரும் முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு படம். அந்தக் கவுனில் கீழே மூன்று மடிப்புப் பிடித்துத் தைத்திருக்கிறாள். வளர்கிற பிள்ளை, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாம். எதற்கு மூன்று என்று பிள்ளை கேட்டதற்கு, மூன்று வருஷத்துக்கு என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள், சொன்னபிறகுதான் கமிட்டி கொடுப்பது ஒவ்வொரு வருஷமாகத்தான் என்பது நினைவுக்கு வந்தது. இப்போது கவுன் முழங்காலுக்கு மேலே ஏறி இரண்டு மாசமாகிறது. முதல் மடிப்பைப் பிரிக்கச் சொல்லிப் பிள்ளை நச்சரிக்கிறது. கமிட்டி சொல்லட்டும் கண்ணு, அப்புறம் பிரிக்கலாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறாள். பிரித்துவைத்து, அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டால்? அந்த நினைப்பு வருகிறபோதெல்லாம் எடுத்த பிளேடை மிஷின் பெட்டிக்குள் திரும்பப் போட்டுவிடுகிறாள்.

சொல்லிவிட்டால்? கை நின்றது. துணி பொசுங்குகிற வாசனை வருவதற்குள் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். ரோஷம் யாருக்கு வேண்டும், உனக்கு ரோஷம் இருக்கிறது, அவர்களிடம் பேனா இருக்கிறது. ஒரு சேலைக்காகப் பிள்ளையை விட்டாள் என்று நாளைக்கு எவளாவது சொன்னால் சொல்கிறவளை அடிக்கலாம், உன் மனசே சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வாய்? அந்த நீள மேஜையில் ஒரு கையெழுத்து, ஜீப், பை, நீலக்கட்டம். கைக்கு வந்த எவள் துணியையோ போட்டுக்கொண்டு பிள்ளை எந்தக் கட்டிலிலோ படுத்திருக்கும், கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. சாந்தாமணி கடுகுச் சேலையை மடித்துப் பீரோவில் வைத்தாள். சிம்பிளானது என்று ஒன்றைத் தேடினாள். வேடிக்கை என்னவென்றால் அவளிடம் அப்படி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மலிவு, எல்லாம் ஒட்டு, ஒன்றுகூட அழுக்காகத் தெரியவில்லை, எல்லாவற்றுக்கும் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள் பாவி. கடைசியில் தையல் மிஷினைப் போர்த்தியிருந்த பழைய நைலக்ஸ் சேலை கண்ணில் பட்டது. என்ன நிறமாக இருந்ததோ, இப்போது பாத்திரம் துலக்கின தண்ணீர் நிறம். உதறினாள், மிஷின் எண்ணெய் வாடை அடித்தது. கட்டினாள். கொசுவம் நிற்க மாட்டேன் என்றது, நிற்க வேண்டாம் என்றாள். தொங்கட்டானைக் கழற்றினாள். வாரிய தலையை விரலால் கொஞ்சம் கலைத்தாள். கண்ணாடியில் ஒரு பொம்பளை நின்றாள், யார் வீட்டு வாசலிலும் எதையும் கேட்டு நிற்கக்கூடியவள். இந்தம்மாளை அந்த மூக்குக்கண்ணாடிக்கு ரொம்பப் பிடிக்கும். உட்காருங்கம்மா என்றுகூடச் சொல்வாள். சொல்லட்டும், உட்கார்ந்து தொலைக்கிறேன், கையெழுத்துப் போட்டால் போதும்.

குளியலறைக் கதவு திறந்தது. பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்திநாலு என்று பாடிக்கொண்டே வந்த சங்கவி வாசற்படியில் நின்றுவிட்டது. இவளைப் பார்த்தது. சேலையைப் பார்த்தது, காதைப் பார்த்தது, கலைந்த தலையைப் பார்த்தது. சரி என்கிற மாதிரி தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு உள் அறைக்குப் போனது. கட்டில்மேல் இவள் எடுத்து வைத்திருந்த கடுகுக் கவுனைப் போட்டுக்கொண்டு வரும் என்று சாந்தாமணி ரேஷன் கார்டையும் பள்ளிக்கூடத்து மார்க் அட்டையையும் பைக்குள் அடுக்கினாள். ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. பரணில் டப்பா உருள்கிற சத்தம் கேட்டது. "என்ன சாமி பண்றே?" என்று குரல் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வெளியே வந்தது.

நீலக்கட்டம். வந்த அன்றைக்குப் போட்டிருந்தது, பரணில் மூட்டையில் கட்டிப் போட்டது. கை தோளுக்குக் கீழே பிடித்து இறுக்கியது, முதுகில் ஊக்கு ஒன்றுகூட மாட்ட முடியாமல் திறந்து கிடந்தது. ராத்திரி வைத்த எண்ணெய் போகத் தலையைத் துண்டால் அழுத்தித் துடைத்திருந்தது, முடி குச்சி குச்சியாக நின்றது. "மணிம்மா, இன்னிக்குக் குடுக்கறவங்ககிட்டப் போறமா?" என்று கேட்டது. குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. வேலை தெரிந்தவள் இன்னொரு வேலைக்காரியிடம் கேட்கிற குரல். பிறகு உதட்டை உள்ளே மடித்துப் பல்லை மூடி, கண்ணைப் பாதி தாழ்த்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றது. "இப்பிடித்தான் நிக்கணும். நீங்க ரொம்ப நிமிந்து நிக்கிறீங்க, கொஞ்சம் குனிங்க" என்றது.

சாந்தாமணி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். வார்டனை எத்தனை ராத்திரி மனசுக்குள் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறாள், நீயெல்லாம் ஒரு பொம்பளையா, பச்சைப்பிள்ளைக்குப் பிச்சை எடுக்கக் கற்றுக்கொடுக்கிறாயே என்று. வார்டனாவது வாயைத் திறந்து கத்திச் சொன்னாள். இவள் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு நின்றே அதைச் செய்துவிட்டாள். ஜெசிந்தா மேல் வந்த கோபம், மூக்குக்கண்ணாடி மேல் வந்த கோபம், மொட்டைக் கடுதாசி எழுதின அந்தக் கை மேல் வந்த கோபம் எல்லாம் ஒன்றாகத் திரும்பித் தன் முகத்திலேயே அறைந்தது. "கழட்டு அத" என்றாள். சத்தம் பெரிதாக வந்துவிட்டது, பிள்ளை மிரண்டது. "உன்னையில்ல கண்ணு, என்னையத் திட்டறேன். கழட்டு சாமி. நாம யாருகிட்டயும் வாங்கப் போகல." அங்கேயே, கூடத்திலேயே, அந்த நைலக்ஸை உருவி மிஷின் மேல் எறிந்தாள். கடுகுச் சேலையை எடுத்தாள். மெத்தை உறையை இடுப்பில் செருகி ஒரு சுற்று, ஓட்டையை மூன்றாம் கொசுவத்துக்குள் வைத்து விரலால் நீவி, கரை கணுக்காலைத் தொட, முந்தானையை மடித்துத் தோளில் ஊசி. தொங்கட்டான். பிள்ளைக்குத் தேங்காயெண்ணெய், இரட்டைப் பின்னல். கடுகுக் கவுனை மாட்டிவிட்டு எட்ட நின்று பார்த்தாள். முழங்காலுக்கு நாலு விரல் மேலே நின்றது.

மணி எட்டு ஐம்பது. ஒன்பது பத்துக்கு பஸ், அதை விட்டால் ஒன்பதே முக்கால். சாந்தாமணி மிஷின் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "இப்பிடி நில்லு, ஆடாதே" என்று கவுனின் ஓரத்தைப் பிடித்துக் கீழ் மடிப்பின் முதல் தையலில் பிளேடு முனையை விட்டாள். சங்கவி குனிந்து பார்த்தது. "கமிட்டி சொன்னப்புறம் பிரிக்கலாம்னீங்க?" "அவங்க சொல்றத அவங்க சொல்லட்டும். நீ வளந்துட்டயில்ல?" "அவங்க வேண்டாம்னு சொன்னா?" கை நின்றது. இதற்கு ஒரு பொய் சொல்லலாம், சொன்னால் பிள்ளை நம்பும். "தெரியல சாமி" என்றாள். "கேக்கறதுக்குத்தான் போறோம். பல்லு தெரியக் கேக்கலாம்." நூல் டக்கு டக்கென்று விட்டுக்கொண்டே போனது. மடிப்பு தொங்கி முழங்காலை மூடியது. இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாகத்தான் இருந்தது, பிள்ளையை மேஜை ஓரத்தில் திரும்பி நிற்கச் சொல்லி ஓரத்தை மட்டும் விரித்து அழுத்தினாள். மற்ற இடமெல்லாம் வெயிலிலும் சோப்பிலும் வெளுத்திருக்க, பிரித்த இடத்தில் மட்டும் நாலைந்து விரல் அகலத்துக்குப் புதுக் கடுகு நிறம் சுற்றிலும் பளிச்சென்று தெரிந்தது. எந்த மூக்குக்கண்ணாடிக்கும் தெரியும், கண்ணாடி இல்லாதவனுக்கும் தெரியும். சங்கவி கவுனைத் தூக்கிப் பிடித்து மேலே விரலால் தடவி எண்ணியது. "இன்னும் ரெண்டு இருக்கு மணிம்மா." "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மிச்ச மடிப்புகளுக்கும் இதேதான் என்று பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள்ளே போட்டுக்கொண்டு சாந்தாமணி கதவைப் பூட்டினாள்.